தரையில் சுழன்ற விமானம்: பறக்கும் நம்பிக்கை எப்படித் திரும்புகிறது?

விமான விபத்து என்றதும் எரிந்த சிதைவுகளும் மரண எண்ணிக்கையும்தான் எங்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால், சிறிய விமானங்களின் உலகில் அடிக்கடி நடக்கும் விபத்துகளில் பெரும்பாலும் யாரும் சாவதில்லை. தரையிறங்கும்போது விமானம் ஓடுபாதையிலிருந்து விலகும், இறக்கை நுனி தரையில் உரசும், சில்லுக்கால் வளையும். விமானி இறங்கி நடந்து வருவார். அது செய்தியாகாது. ஆனால், அந்த விமானி மீண்டும் தனியாகப் பறப்பாரா என்பது அதன் பிறகு பல மாதங்களுக்குத் திறந்திருக்கும் கேள்வி.

இந்தக் கேள்வியை நான் பின்தொடரக் காரணம், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் என் பள்ளித் தோழன். கணினித் துறையில் வேலை. வார இறுதிகளில் பறப்பான். கழகமொன்றின் சிட்டாப்ரியா விமானத்தில் தனியாகத் தரையிறங்கியபோது அது ஓடுபாதையிலேயே சுழன்று நின்றது. காயம் எதுவுமில்லை. விமானம் திருத்தப்பட்டு மீண்டும் பறக்கத் தொடங்கிய பிறகும் அவனால் அதில் ஏற முடியவில்லை. அவனுடன் பல மணிநேரம் தொலைபேசியில் பேசியும், விமானப் பயிற்சி பற்றிய நூல்களைப் படித்தும் நான் விளங்கிக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

வால்சில்லு விமானம் என்றால் என்ன?

இன்று நாம் பயணிக்கும் விமானங்களில் மூக்கின் கீழ் மூக்குச்சில்லும், இறக்கைகளின் கீழ் பிரதான சில்லுகளும் இருக்கும். தரையில் நிற்கும்போது விமானம் கிடையாக இருக்கும். வால்சில்லு விமானங்களில் மூக்குச்சில்லு கிடையாது. இரண்டு பிரதான சில்லுகள் முன்னாலும் ஒரு சிறு சில்லு வாலின் கீழும் இருக்கும். எனவே அவை மூக்கை வானத்துக்கு உயர்த்தி, வாலைத் தரையில் ஊன்றியபடி நிற்கும்.

எங்களுக்கும் இது புதிதல்ல. ஏயர் சிலோன் 1947 டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக மதராசுக்குத் தன் முதல் சேவையை நடத்தியது டிசி 3 விமானத்தில். எங்கள் மூத்தவர்கள் டக்கோட்டா என்று சொல்லும் அந்த விமானம் வால்சில்லு விமானம்தான். பயணிகள் ஏறியதும் இருக்கைக்குப் போக மேட்டில் நடப்பதுபோல நடக்கவேண்டியிருந்தது அதனால்தான். 1951இல் தொடங்கப்பட்ட ரோயல் சிலோன் விமானப்படை தன் விமானிகளைப் பயிற்றுவித்த சிப்மங்க் விமானங்களும் அதே வகையைச் சேர்ந்தவை.

1950களில் மூக்குச்சில்லு கொண்ட சிறு விமானங்கள் பரவத் தொடங்கின. தரையில் அவற்றைக் கையாள்வது இலகு. இருந்தும் வால்சில்லு விமானங்கள் மறையவில்லை. அவற்றின் முன் விசிறி தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் புல்வெளியிலும் கல்லுத்தரையிலும் இறங்கலாம். அலாஸ்காவிலும் வடகனடாவிலும் அவை இன்றும் வேலை செய்கின்றன. பயிர்களுக்கு மருந்து தெளிக்கவும் வான்சாகசத்துக்கும் பயன்படுகின்றன. அமெரிக்காவில் இவற்றைத் தனியாகச் செலுத்த, பயிற்றுநர் ஒருவரின் தனியான ஒப்புதல் விமானியின் பதிவேட்டில் இருக்கவேண்டும் என்பது சட்டம்.

ஏன் சுழல்கிறது?

பல்பொருள் அங்காடியில் முன்சில்லுகள் மட்டும் சுழலும் தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நிறையச் சாமான்களை ஏற்றி முன்னோக்கித் தள்ளினால் நேராகப் போகும். அதையே திருப்பி, சுழலும் சில்லுகள் பின்னால் வரும்படி வேகமாகத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். சிறிது கோணினாலும் அந்தக் கோணல் தானாகவே பெருகி, வண்டி சுற்றித் திரும்பிவிடும்.

வால்சில்லு விமானத்தில் நடப்பதும் இதுதான். அதன் பாரமையம் பிரதான சில்லுகளுக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் போகும் திசையும் மூக்கு பார்க்கும் திசையும் சற்று வேறுபட்டவுடன், பின்னால் இருக்கும் பாரம் முன்னால் வரப் பார்க்கும். உடனே திருத்தாவிட்டால் வால் சுழன்று முன்னே வந்துவிடும். இதை விமானிகள் கிறவுண்ட் லூப் என்கிறார்கள். சுழற்சியின் வெளிப்பக்க இறக்கை தாழ்ந்து தரையில் உரசும். அந்தப் பக்கச் சில்லுக்கால் பாரம் தாங்காமல் வளையும். முன் விசிறி தரையில் அடித்தால் எஞ்சினையும் திறந்து சோதிக்கவேண்டி வரும்.

திருத்துவதற்கான முதன்மையான கருவி காலடியில் இருக்கும் சுக்கான் மிதிகள். காற்று வேகமாக அடிக்கும்வரை சுக்கான் நன்றாக வேலை செய்யும். விமானம் வேகம் குறையக் குறைய அதன் வலு குறையும். அதனால் சில்லுகள் தரையைத் தொட்ட பிறகுதான் மிகுந்த கவனம் தேவைப்படுகிறது. என் தோழனுக்கு நடந்ததும் அந்த நேரத்தில்தான். இடப்பக்கத்திலிருந்து காற்று. அழகாக இறங்கிவிட்டான். “இறங்கிட்டன் எண்டு நினைச்சு மூச்சு விட்டன் மச்சான். அந்த மூச்சுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது” என்றான். மூக்கு காற்றின் பக்கம் இடப்புறம் திரும்பியது. வலது மிதியை அவன் அழுத்தியபோது நேரம் கடந்திருந்தது. வலது இறக்கை நுனி தேய்ந்தது, வலது சில்லுக்கால் வளைந்தது.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதல்ல. அமேலியா ஏர்ஹார்ட் 1937 மார்ச் 20ஆம் திகதி ஹவாயிலுள்ள லூக் களத்திலிருந்து கிளம்பும்போது அவரது லொக்கீட் எலெக்ட்ரா விமானம் ஓடுபாதையில் சுழன்று சேதமடைந்தது. சில்லு வெடித்ததா, செலுத்தியதில் தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. விமானம் கலிபோர்னியாவுக்குக் கப்பலில் கொண்டுபோய்த் திருத்தப்பட்டது. ஜூன் 1ஆம் திகதி மியாமியிலிருந்து அதே விமானத்தில் அவர் மீண்டும் கிளம்பினார். ஜூலை 2ஆம் திகதி பசுபிக் கடலின் மேல் காணாமற்போகும்வரை பல நாடுகளில் அதைப் பாதுகாப்பாக இறக்கி ஏற்றியிருந்தார்.

காலில் குடியேறும் பயம்

விபத்துக்குப் பிறகு விமானியிடம் வரும் மாற்றம் முதலில் உடலில் தெரிகிறது. பயந்தவர் மிதிகளை இறுக்கி ஊன்றுவார். வால்சில்லு விமானத்துக்கு வேண்டியதோ ஓயாமல் மெல்ல அசையும் கால்கள். இறுகிய கால் சிறிய திருத்தங்களைச் செய்யாது. கோணல் பெரிதானதும் ஒரேயடியாக உதைக்கும். அந்த உதை விமானத்தை மறுபக்கம் திருப்பும். பார்வையும் மாறும். ஓடுபாதையின் தூர முனையைப் பார்க்கவேண்டிய கண், பயத்தில் மூக்கின் முன்னால் உள்ள தரையில் ஒட்டிக்கொள்ளும். தூரத்தில் பார்த்தால்தான் சிறு கோணல் உடனே தெரியும். அப்படியானால், பயம் எந்த விபத்தை நினைத்து வந்ததோ அதே விபத்தை மீண்டும் நடக்கவைக்கக்கூடியது. “துணிஞ்சு ஏறு, எல்லாம் சரியாகும்” என்ற அறிவுரை இந்த இடத்தில் ஆபத்தானது.

உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஒரு செயலை என்னால் செய்யமுடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார்: தானே செய்து பெறும் வெற்றி, பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் மிக வலுவானது தானே செய்து பெறும் வெற்றி. நாங்களோ ஒருவர் விழுந்தெழும்பும்போது மூன்றாவதை மட்டுமே அள்ளிக் கொடுக்கிறோம்.

திரும்பி வரும் பாதை

என் தோழனுக்கு வாய்த்த பயிற்றுநர் ஊக்க வார்த்தை எதுவும் சொல்லவில்லையாம். முதல் வேலையாக, நடந்ததை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். காற்று எந்தப் பக்கம், கண் எங்கே பார்த்தது, கட்டுப்பாட்டுத் தண்டு எங்கே இருந்தது, கால்கள் என்ன செய்தன. எழுதி முடித்தபோது “எனக்குப் பறக்கத் தெரியாது” என்ற பெரிய தீர்ப்பு, “தரை தொட்ட பின் என் கால்கள் நின்றுவிட்டன” என்ற சிறிய வசனமாகச் சுருங்கியிருந்தது. பெரிய தீர்ப்போடு எதுவும் செய்யமுடியாது. சிறிய வசனத்துக்குப் பயிற்சி இருக்கிறது.

அந்தப் பயிற்சி படிப்படியாகப் போனது. முதலில் நடை வேகத்தில் விமானத்தைத் தரையில் ஓட்டுவது. காற்று எந்தப் பக்கமோ அதற்கேற்பத் தண்டைப் பிடித்து, கால்களுக்கு வேலை கொடுப்பது. அடுத்து பயிற்றுநருடன் ஓடுபாதையின் மேல் சில அடி உயரத்தில், இறங்காமல், நடுக்கோட்டைப் பிடித்தபடி பறப்பது. இறங்கவேண்டும் என்ற அழுத்தம் இல்லாதபோது கண்ணும் காலும் தங்கள் வேலையைப் பழகிக்கொள்கின்றன.

அதன் பிறகே தரையிறக்கம். அதுவும் காற்றில்லாத காலையில், புல் ஓடுபாதையில். தார்த்தரை சில்லை இறுகப் பிடிக்கும். புல்லில் சில்லு சற்று வழுக்குவதால் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். மூன்று சில்லும் ஒன்றாகத் தொடும் தரையிறக்கத்தைப் பழகிய பின், பிரதான சில்லுகள் மட்டும் முதலில் தொடும் முறை. பிறகு சிறிய பக்கக்காற்று. ஒவ்வொரு தடவையும் விமானம் முற்றாக நிற்கும்வரை கால்கள் அசைந்துகொண்டிருக்க வேண்டும். விமானத்தைக் கட்டிப்போடும்வரை அது பறந்துகொண்டுதான் இருக்கிறது என்று நினைக்கும்படி பயிற்றுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

இடையில் அவன் அதிகம் பழகியது இறங்காமல் மீண்டும் மேலெழுவதை. இறங்கி வரும்போது ஏதாவது சரியில்லை என்று பட்டால் எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலேறி, சுற்றிவந்து மறுபடி முயல்வது. அதைத் தோல்வியாக எண்ணியவரை தன் பயம் குறையவில்லை என்கிறான். “எப்பவும் ஒரு வாசல் திறந்திருக்கு எண்டு தெரிஞ்ச பிறகுதான் கால் இளகிச்சு” என்றான்.

யார் பிழை என்று கேட்காத விசாரணை

இத்தனைக்கும் அடிப்படை, நடந்ததை அவன் மறைக்கத் தேவையில்லாமல் இருந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆவது இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதே, பழியையோ பொறுப்பையோ சுமத்துவதல்ல என்று சொல்கிறது. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையும் குற்றத்தைத் தீர்மானிப்பது தன் வேலையல்ல என்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் திட்டமொன்றில், விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். பெயர் நீக்கப்படும். தெரியாமல் செய்த விதிமீறலை 10 நாட்களுக்குள் அறிவித்திருந்தால் பொதுவாகத் தண்டனை விதிக்கப்படாது. விபத்துகளும் குற்றச்செயல்களும் அந்தப் பாதுகாப்புக்குள் வராது. சேர்ந்த அறிக்கைகளிலிருந்து மற்ற விமானிகள் கற்கிறார்கள்.

ஊடகவியலாளனாக எனக்கு இது உறைக்கிறது. எங்கள் நாட்டில் பேருந்து விபத்து, வைத்தியசாலை மரணம், கட்டட இடிவு எதுவானாலும் செய்தியின் முதல் கேள்வி “யார் பிழை?” என்பதுதான். வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கும், ஊழலுக்கும், திரும்பத் திரும்பக் காட்டும் அலட்சியத்துக்கும் அந்தக் கேள்வி கட்டாயம் தேவை. ஆனால், நேர்மையாக வேலை செய்த ஒருவரின் கை ஒரு கணம் பிந்திய இடத்திலும் அதையே கேட்டால், அடுத்தவர் தன் பிழையை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். மறைத்த பிழைக்குப் பயிற்சி கொடுக்கமுடியாது.

என் தோழன் இப்போது மீண்டும் தனியாகப் பறக்கிறான். பக்கக்காற்றுக்குத் தனக்கென ஓர் எல்லை வைத்திருக்கிறான். விமானத்தின் கையேடு அனுமதிப்பதை விடக் குறைவானது அது. அண்மையில் ஒரு பின்னேரம் காற்று அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. இரண்டு தடவை இறங்கி வந்து, இரண்டு தடவையும் மேலெழும்பி, கடைசியில் காற்றுக்கு நேராக ஓடுபாதை அமைந்த வேறொரு களத்தில் போய் இறங்கினான். வீட்டுக்கு வரப் பிந்திவிட்டதாம், மனைவியிடம் ஏச்சு வாங்கினானாம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் வெட்கம் இருக்கவில்லை.