வீட்டுக்குள் ஒரு கேமரா – 11: மணியின் கண் எங்கே?

சென்ற வாரம் கொலுப்படியை எடுத்தோம். பொம்மைகளிடம் ஒரு நல்ல குணம், வைத்த இடத்தில் இருக்கும். நம்மைப் பார்த்துக் கொட்டாவி விடாது. அந்தத் தைரியத்தில் இந்த வாரம் வீட்டு நாய்க்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு நாய் மணி. தெருவுக்கு ஒரு மணி உண்டுதானே. எங்களுடையவன் மூக்கிலிருந்து வால் நுனிவரை கறுப்பு, நெஞ்சில் மட்டும் விபூதிக் கீற்று மாதிரி ஒரு வெள்ளை. நாட்டு நாய். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரியில் திண்ணை ஓரம் வந்து ஒண்டியவன், மழை விட்டும் போகவில்லை. நான் இருபது வருஷம் கல்யாண வீடுகளில் படமெடுத்துச் சோறு தின்றவன். ஒரு நாய்க்குட்டி எம்மாத்திரம் என்று நினைத்தேன். முதல் மாதப் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்த அம்மா கேட்டார்:

“ஏன்டா, சோபாவுல யாரோ கறுப்புத் துண்டைப் போட்டுட்டுப் போயிருக்காங்க. மணி எங்கடா?”

அம்மா பார்வையில் தப்பில்லை. கேமராவுக்கு நாயும் தெரியாது, சுவரும் தெரியாது. எதிரே இருப்பதையெல்லாம் கூட்டிக் கலக்கினால் நடுத்தரச் சாம்பல் வரும் என்ற ஒரே நம்பிக்கையில் அதன் ஒளிமானி ஓடுகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் மணி நின்றால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அடக்கி வாசிக்கும். சுவர் மங்கும், மணி கரித்துண்டாவான். பக்கத்தில் போய் அவன் முகம் மட்டும் படம் நிறைய வரும்படி எடுத்தால் கதை தலைகீழ். இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும். மணி வெளிறிப்போய், சாம்பல் பூசிய பண்டாரம் மாதிரி நிற்பான். வெள்ளை நாய் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லைதான், எதிர்ப்பக்கமாக. ராஜபாளையத்து நாயின் பால் வெள்ளை, படத்தில் துவைக்காத வேட்டி நிறத்துக்கு இறங்கிவிடும். (2005-இல் அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது ராஜபாளையத்துக்கு அதில் இடம் கிடைத்தது. எங்கள் மணி சாதிக்கு யார் போடப்போகிறார்கள்!)

இப்போதைய போன்களுக்குக் கொஞ்சம் மூளை உண்டு, இருந்தும் ஏமாறும். திரையில் நாயின் முகத்தைத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கத்திலேயே சூரியன் மாதிரி ஒரு குறி எழும். கறுப்பு முகம் வெளிறினால் அதைக் கீழே இழுங்கள், வெள்ளை ரோமம் அழுக்கானால் மேலே. அவ்வளவுதான்.

ஆனால் இது பாதி வைத்தியம். கறுப்பு ரோமத்தில் கண்ணுக்குத் தெரிவதே அதன் மினுமினுப்புதான். பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் வந்தால்தான் அது எழும். உச்சியில் எரியும் டியூப்லைட்டுக்கு அந்த வித்தை வராது. எங்கள் முன்னறை ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். காலை வெயிலை அது வடிகட்டித்தான் உள்ளே அனுப்பும். ஒருநாள் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், சிவப்புச் சிமெண்ட் தரையில் தாடையை வைத்து மணி படுத்திருந்தான். நானும் எதிரே குப்புறப் படுத்தேன். தோளில் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாக நின்றது. புருவத்துக்கு மேல் இரண்டு நரை. கண்ணுக்குள் குட்டியாக ஒரு ஜன்னல்: நாலு கம்பி, நடுவே வெளிறிய வானம். காணாமல் போயிருந்த கண் அங்கே இருந்தது. அன்றைக்கு எடுத்த ஒரு படம்தான் இன்று அம்மாவின் அலமாரியில், முருகனுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். ராத்திரி ரோட்டில் லாரி வெளிச்சம் பட்டு நாய்க் கண் பச்சையாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் அதற்கு உண்டு. பிளாஷ் போட்டால் வீட்டு மணி மயான மணியாகிவிடுவான். போனின் இரவு முறையும் உதவாது. அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது. நடுவில் மணி தலையைத் திருப்பினால் மூன்று காது முளைக்கும். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள், உட்கார்ந்த நாய்க்கு 1/250 நொடி, ஓடும் நாய்க்கு 1/1000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படுத்தேன் என்றேனே, அதில்தான் மீதி விஷயம் இருக்கிறது. நின்றபடி எடுத்தால் பெரிய தலையும் குட்டிக் காலுமாகத் தலையாட்டி பொம்மைதான் கிடைக்கும். புகைப்படக்காரர் எலியட் எர்விட் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த படத்தில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு சிவாவா நாய் நம்மைப் பார்க்கிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், ஒரு பெரிய கிரேட் டேன் நாயின் முன்னங்கால்கள். மேலே யார் முகமும் இல்லை. கேமரா அந்தச் சின்ன நாயின் உயரத்தில் தரையோடு தரையாக இருந்ததால் வந்த படம் அது. 2023-இல் 95 வயதில் இறந்த அந்த மனிதர், நாய்கள் திரும்பிப் பார்க்க ஹாரன் அடிப்பார், தானே குரைக்கவும் செய்வார்.

எனக்குக் குரைக்கக் கூச்சம். ஹாரனுக்கு மீன்காரர் இருக்கிறார். டி.வி.எஸ். வண்டியில் காலை ஒன்பது மணிவாக்கில் பாம் பாம் என்று தெருமுனை திரும்புவார். மணியின் இரண்டு காதும் எழும், தலை ஒரு பக்கம் சாயும். எனக்குக் கிடைப்பது இரண்டு நொடி. சும்மா சும்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலாவது தடவை அவன் திரும்புவதில்லை, நியாயம்தானே?

முகத்துக்கு நேரே போனை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். மூக்கு கத்திரிக்காய் மாதிரி விழும். தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். அதோடு, கண்ணோடு கண் விடாமல் பார்ப்பது நாய்க்கு உவப்பான மரியாதை அல்ல. லென்ஸும் அதற்கு ஒரு முறைக்கும் கண்தான். தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விட்டால், தீனி இல்லாமலே உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பினால், போதும் என்கிறது என்று அர்த்தம். போனை வைத்துவிடுங்கள். கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டு எடுக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

மணிக்கு முன்னால் எங்கள் வீட்டில் ராஜா இருந்தான். பதினொரு வருஷம். அவனுக்கென்று ஒரு படம் கிடையாது. 1994 பொங்கல் படத்தில், பானைக்கு வலப்பக்கம், அவன் வால் மட்டும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னல் பக்கம் தரையில் படுத்துப் பாருங்கள். பழைய லுங்கியோ நைட்டியோ போதும். ரோமம் ஒட்டினால் லேசில் போகாது.

(தொடரும்)