அஜாக்ஸ் இடைச்சேமிப்பு

அஜாக்ஸ் இடைச்சேமிப்பு என்பது, வலைப்பக்கம் பின்னணியில் வழங்கியிடம் கேட்டுப் பெற்ற தரவை நினைவகத்தில் வைத்திருந்து, அதே தரவு மீண்டும் தேவைப்படும்போது வழங்கியை நாடாமல் பயன்படுத்தும் நுட்பம் ஆகும். அஜாக்ஸ் என்னும் பெயரை 2005 இல் ஜெசி ஜேம்ஸ் காரெட் அறிமுகப்படுத்தினார்.

செயற்பாடு

வேண்டுகோளின் முகவரியும் அளவுருக்களும் சேர்ந்து சேமிப்பின் திறவுகோலாக அமைகின்றன. மறுமொழி வர மூன்று நொடிகள் ஆகுமெனில், அதற்குள் பயனர் அதே பொத்தானை மீண்டும் அழுத்தக்கூடும். வந்துசேர்ந்த விடையை மட்டும் சேமிக்கும் நிரல், அப்போது இரண்டாவது வேண்டுகோளையும் அனுப்பிவிடும். இதனைத் தவிர்க்க, நிலுவையிலுள்ள வேண்டுகோளைக் குறிக்கும் பிராமிஸ் என்ற பொருளையே சேமிக்கலாம். இது எக்மாஸ்கிரிப்ட் 2015 தரத்தில் இடம்பெற்றது. இவ்வாறு செய்தால், கேட்ட பகுதிகள் அனைத்தும் ஒரே மறுமொழிக்குக் காத்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை

* வேண்டுகோள் தோல்வியுற்றால் பதிவை நீக்க வேண்டும். இல்லையேல் பழைய பிழையே மீண்டும் மீண்டும் விடையாகக் கிடைக்கும்.
* காலாவதி நேரம் தரவின் தன்மையைப் பொறுத்தது. தொடர்வண்டியில் எஞ்சியுள்ள இருக்கைகளுக்குச் சில நொடிகளும், மாவட்டப் பட்டியலுக்குப் பல மணிநேரமும் பொருந்தும்.
* பயனர் விடுபதிகை செய்யும்போது சேமிப்பை அழிக்க வேண்டும். இல்லையேல், பொதுக் கணினியில் பக்கத்தை மீளேற்றாமல் அடுத்தவர் புகுபதிகை செய்தால், முன்னவரின் விவரங்கள் அவருக்குத் தெரிந்துவிடும்.