சுமப்பது ஒருத்தி, முட்டை கொடுத்தவள் இன்னொருத்தி!
தானம் தரும் பெண்ணை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கலியாணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. குழந்தை இல்லை. கோவில், குளம் எல்லாம் சுற்றியாகிவிட்டது. கடைசியில் டாக்டர் சொல்கிறார்: "அம்மா, உங்கள் உடம்பில் கருமுட்டை இல்லை. வேறொரு பெண் தானம் தரும் முட்டையைக் கொண்டு நீங்கள் தாயாகலாம்."

இதைக் கேட்டதும் எந்தப் பெண்ணின் மனதிலும் ஒரு கேள்வி எழும்: "யார் அந்தப் பெண்?"

அழகாக இருப்பாளா, நிறமாக இருப்பாளா, படித்தவளா என்றுதான் பலர் கேட்கிறார்கள். ஆனால், டாக்டர்கள் முதலில் பார்ப்பது இவற்றை அல்ல!

பிறக்கும்போதே கணக்கு!

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவள் உடம்பில் 10 லட்சம் முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பிறகு அவை குறைந்துகொண்டே போகின்றன. வயதுக்கு வரும்போது சுமார் 3, 4 லட்சம்தான் மிஞ்சும். புதிதாக முட்டை உண்டாவதில்லை.

சிலருக்கு 40 வயதுக்கு முன்பே முட்டைகள் தீர்ந்துவிடுகின்றன. புற்றுநோய்ச் சிகிச்சையால் சிலர் முட்டைகளை இழக்கிறார்கள். ஆனாலும் அவர்களுடைய கருப்பை நன்றாக இருக்கலாம்.

இன்னொரு பெண்ணின் முட்டையோடு கணவனின் விந்தணுவைச் சோதனைச்சாலையில் சேர்க்கிறார்கள். உருவான கருவை மனைவியின் கருப்பையில் வைக்கிறார்கள். பத்து மாதம் சுமந்து பெறுபவள் மனைவிதான். 1978-ம் ஆண்டு இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதைத் தொடர்ந்து வளர்ந்த முறை இது.

வயது ஏன் முக்கியம்?

இந்தியாவில் இதற்கென்று 2021-ம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2022 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. முட்டை தரும் பெண்ணுக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்கவேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

வயது ஏற ஏற முட்டையின் தரம் குறையும். கரு தங்காமல் போகலாம். குழந்தைக்குப் பிறவிக் கோளாறும் வரலாம். வயது மிகக் குறைந்த பெண்ணுக்கோ, தான் செய்வது என்ன என்று யோசித்து முடிவெடுக்கும் பக்குவம் இராது.

என்னென்ன சோதனை?

முதலில் ரத்தப் பரிசோதனை. எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பி, சி வகைக் கிருமிகள், மேகநோய் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஸ்கேன் செய்து முட்டைப் பையின் நிலையை அறிகிறார்கள்.

அடுத்தது பரம்பரை நோய். உதாரணமாக, தலசீமியா என்பது ஒரு ரத்தநோய். அதன் கூறு உடம்பில் இருப்பவர் நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடுவார், வெளியே தெரியாது. ஆனால், முட்டை தரும் பெண்ணுக்கும் கணவனுக்கும் அந்தக் கூறு இருந்தால்? பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு! ஆகவே, "உங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய்?" என்று விசாரிப்பது மிக அவசியம்.

இவை எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ரத்த வகை, உயரம், நிறம் ஆகியவற்றைப் பொருத்திப் பார்க்கவேண்டும்.

அவளும் ஒருத்தி பெற்ற மகள்தான்

முட்டை கொடுப்பது ரத்தம் கொடுப்பது போல அல்ல. சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி போடவேண்டும். பிறகு மயக்க மருந்து கொடுத்து, ஊசி மூலம் முட்டைகளை எடுக்கிறார்கள். சிலருக்கு முட்டைப் பை வீங்கி, வயிற்றில் நீர் கோக்கும். எப்போதாவது உயிருக்கே ஆபத்து வரலாம்.

அதனால்தான் சட்டம் கடுமையாக இருக்கிறது. ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் முட்டை கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. அவளுக்காகத் தம்பதிகள் 12 மாத இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும். எழுத்து மூலம் அவள் சம்மதம் தரவேண்டும். முட்டையை விற்பது குற்றம்.

சட்டம் அமலுக்கு வந்த சில மாதங்களிலேயே, 2022 ஜூனில், ஈரோட்டிலிருந்து வந்த செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. 16 வயதுச் சிறுமியின் கருமுட்டை பலமுறை விற்கப்பட்டதாகப் புகார். வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார் அட்டை! பெற்ற தாய் உள்படச் சிலர் கைதானார்கள்.

அட்டையில் இருந்த வயதை நம்பினால் போதுமா? எதிரே நின்ற சிறுமியின் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திராதா?

தரகர் மூலம் பெண்களைப் பிடித்தால் முதல் முறை 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 3 முதல் 8 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

குழந்தை யாருக்குச் சொந்தம்?

பிறக்கும் குழந்தை சட்டப்படி தம்பதிகளின் சொந்தக் குழந்தை. முட்டை கொடுத்தவளுக்கு அதன்மீது எந்த உரிமையும் இல்லை. அவளைப் பற்றிய விவரங்களும் ரகசியமாகவே இருக்கும்.

அப்படியானால் தம்பதிகள் எதைக் கேட்கவேண்டும்? "ஆஸ்பத்திரியும் முட்டை வங்கியும் பதிவு பெற்றவையா? என்னென்ன சோதனை நடந்தது? இன்சூரன்ஸ் எடுத்தாகிவிட்டதா?" இவற்றைத் தயங்காமல் கேட்கலாம்.

இன்னொன்றையும் கேட்கவேண்டும்: "அந்தப் பெண் மனம் ஒப்பித்தான் கொடுக்கிறாளா?" ஒரு வீட்டில் தொட்டில் ஆடுவதற்காக இன்னொரு வீட்டுப் பெண் கண்ணீர் விடக்கூடாது அல்லவா!