துணி வராத மாதங்கள்

காணியை விட்டு வந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு மாதாமாதம் கையில் வரும் காசு, மகளின் தையல் சம்பளம் மட்டுமே. கட்டுநாயக்காவிலோ வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஆடைத் தொழிற்சாலையில் அவள் நிற்கிறாள். 2020இல் அந்தச் சம்பளம் குறைந்தபோது, "நோய் வந்து தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள்" என்ற விளக்கமே வீட்டுக்கு வந்தது. ஆனால் நோய் இங்கு பரவுமுன்பே தடங்கல் தொடங்கியிருந்தது.

ஒரு சேட்டை எடுத்துப் பாருங்கள். துணி, நூல், தெறி, கொலருக்குள் வைக்கும் விறைப்புத் துணி, கழுத்தில் தைக்கும் பெயர்ச்சீட்டு என்று எத்தனை பொருட்கள்! இலங்கை தைப்பதில் பேர்பெற்ற நாடு. ஆனால் தைக்கும் துணியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது, அதிலும் சீனாவிலிருந்து அதிகம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது, விதையும் தண்ணீரும் இருந்தும் வயல் என்னவாகும் என்று கண்டோம். தையலில் நிலைமை அதைவிட மோசம். உரமில்லாத வயல் ஏதோ கொஞ்சமாவது தரும். தெறியில்லாத சேட்டை எவரும் வாங்கார்.

2020 சனவரி இறுதியில் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பூட்டிய ஆலைகள், நோய் காரணமாக உரிய நாளில் திறக்கவில்லை. துணி பிந்தியது. களஞ்சியத்தில் இருப்பு வைத்திருந்த நிறுவனங்கள் அதைக்கொண்டு சமாளித்தன. வேறு நாடுகளில் துணி தேடியவர்களும் உண்டு; கப்பலுக்குக் காத்திராமல் விமானத்தில் இறக்கினால் கூலியே இலாபத்தைத் தின்றுவிடும். மார்ச் 20இல் இங்கு ஊரடங்கு வந்தது. 25இல் இந்தியாவும் பூட்டியது.

அதே வேளையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடப்பட்டன. இப்போது சங்கிலி மறுமுனையிலும் அறுந்தது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தை மூடப்பட்டபோது, பிடித்த மீனுக்கு ஆள் தேடியதைப் பேசாலைக் கரையோரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். ஆடைக்கும் அதே கதிதான். கொள்வனவாளர் பலர் ஓடர்களை நிறுத்தினார்கள், சிலர் தைத்து முடிந்த உடுப்புக்கும் பணத்தைத் தாமதித்தார்கள். தொழிற்சாலையோ துணிக்கு முன்னரே கடன்பட்டிருக்கும். காசு வருவது உடுப்பு அனுப்பிய பின்னரே. பங்களாதேசில் இவ்வாறு நின்றுபோன ஓடர்களின் பெறுமதி ஏறக்குறைய 300 கோடி டொலர். இலங்கையின் துணி, ஆடை ஏற்றுமதி வருமானம் 2019இல் சுமார் 560 கோடி டொலராக இருந்து 2020இல் சுமார் 440 கோடியாக விழுந்தது.

தப்பிய தொழிற்சாலைகள் தைப்பதை மாற்றின. முகக்கவசமும் வைத்தியசாலைப் பாதுகாப்பு அங்கியும் தைத்தன. அலுவலக உடுப்புக்குக் கிராக்கி குறைந்து, வீட்டில் அணியும் மெல்லிய உடுப்புக்கு அது கூடியபோது சிலர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இதற்குத் தையல் இயந்திரங்களை மாற்றி அடுக்கவேண்டும், பிள்ளைகள் புதிய தையலைப் பழகவேண்டும். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையில் ஒரு தொழிற்சாலையிலேயே ஆயிரத்துக்கும் அதிகமானோர் தொற்றுக்குள்ளானார்கள் என்பதையும் இங்கு சொல்லவேண்டும். வேலையைத் தொடர்வதற்கு யார் உடலால் விலை கொடுத்தார்கள் என்பது ஏற்றுமதிக் கணக்கில் தெரியாது.

சம்பளம் என்னவாயிற்று? 2020 மே மாதத்தில் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி, அல்லது 14,500 ரூபா, இதில் எது கூடவோ அதைக் கொடுக்கவேண்டும். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காசு அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல. மேலதிக நேர வேலையும் லீவு எடுக்காததற்கான கொடுப்பனவும் அதில் சேர்ந்திருந்தன. அவை நின்றதும், வழமையாய் வந்த காசு பெரிதும் குறைந்தது. அறை வாடகையோ குறையவில்லை.

துணியை இங்கேயே நெய்யவேண்டும் என்ற யோசனை அதன்பின் வலுப்பெற்றது. ஏறாவூரில் துணி உற்பத்திக்கென ஒரு வலயம் ஏற்படுத்தப்பட்டது அதனால்தான். அதுவரும்வரை காத்திராமல் நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மகள் மடுத் திருவிழாவுக்கோ நத்தாருக்கோ வரும்போது சம்பளச் சிட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிகம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவளிடம் கழிப்பது 8 சதவீதம். முதலாளி தன் பங்காக 12 சதவீதம் கட்டவேண்டும். சிட்டைகளை ஒரு பையில் போட்டுக் காணி உறுதியோடு வையுங்கள்.