கல்லச்சுப் படத்தின் அசலை அறிதல்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கடற்கரையூர்களிலே பழைய வீடொன்றைப் பிரித்துக் கட்டும்போது, பெட்டகத்தின் அடியிலிருந்தோ உள்ளறைச் சுவரிலிருந்தோ உள்ளங்கையளவான படமொன்று வெளிப்படுவதுண்டு. அது மக்கமா நகரின் கஃபாவாக இருக்கலாம். பழைய கோட்டையொன்றாக இருக்கலாம். அயலிலுள்ள தமிழர் இல்லங்களிலாயின் இரவிவர்மாவின் இலக்குமியாகவோ சரசுவதியாகவோ இருக்கலாம். தாள் பழுத்திருக்கும்; ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கும். "மூத்தவாப்பா காலத்துப் படம்" என்பர் வீட்டார். பழம்பொருள் வாங்க வருபவரோ "இது வெறும் நகல்" என்று கூறிச் சில நூறு ரூபாவுக்குக் கேட்பார். அவர் கூற்று உண்மையாகவும் இருக்கலாம், தந்திரமாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய வீட்டாருக்கு வழி தெரியாமையால், அசலைக் கைவிட்டோரும் உளர்; நகலைக் கண்ணாடியிட்டுப் பேணுவோரும் உளர்.

இக்கரையிலே இவ்வினா மற்றையிடங்களிலும் பார்க்க முக்கியமானது. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளியும், 2004 டிசம்பர் 26ஆந் தேதி வந்த ஆழிப்பேரலையும் கரையோர வீடுகளிலிருந்த தாள்களை அள்ளிச் சென்றன. எஞ்சியவை மிகச் சிலவே. எஞ்சியவற்றிலும் ஒரு மயக்கம் உண்டு. கடல்நீரில் ஊறி, சேற்றில் கிடந்து, வெயிலில் உலர்ந்த தாள் எதுவாயினும் நூறாண்டு கண்டதுபோலத் தோற்றும். 1990களில் அச்சான நாட்காட்டிப் படமொன்று இவ்வாறு ஒரே நாளிற் கிழப்பருவம் எய்திவிடக்கூடும். ஆகவே கறையையும் பழுப்பையும் கண்டு வயது கூறுவது இங்கே சிறிதும் பொருந்தாது.

முதலில் 'அசல்' என்பது யாது? கைவண்ண ஓவியத்துக்கு அசல் ஒன்றே. அச்சுப்படத்துக்கோ அவ்வாறன்று. ஓவியன் கல்லில் வரைந்து, அக்கல்லிலிருந்து ஐந்நூறு தாள் எடுத்தால் அவ்வைந்நூறும் அசலே. பின்னொரு காலத்தில் அத்தாள்களுள் ஒன்றைப் புகைப்படமெடுத்து அச்சிட்டதே நகல். எனவே, "இதுபோல் இன்னொன்று கொழும்பிலே கண்டேன், ஆகையால் இது போலி" என்பார் கூற்று வாதமாகாது.

கல்லச்சின் இயல்பை அறிந்தாற் சோதனையின் பாதி முடிந்துவிடும். 1790களின் பிற்பகுதியிலே பவேரியா நாட்டில் அலோய்ஸ் செனபெல்டர் என்பார் இம்முறையைக் கண்டார். நெய்யும் நீரும் ஒன்றோடொன்று ஒட்டா என்பதே இதன் தத்துவம். சோல்ன்ஹோபன் என்னும் ஊரில் அகழப்படும் நுண்ணிய சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாக்கி, நெய்ப்பசையுள்ள மைக்கோலால் அதன்மேல் வரைவர். வேலம்பிசினும் சிறிதளவு அமிலமும் பூசுவர். பின் கல்லை நனைத்து மையுருளையை ஓட்டுவர். நனைந்த இடம் மையை ஏலாது. வரைந்த இடம் மட்டும் ஏற்கும். மேடும் பள்ளமும் இங்கில்லை. செப்புத்தகட்டிலே செதுக்கி அச்சிட்ட படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் காணப்படும். மையும் விரலுக்குச் சற்றே தட்டுப்படும். கல்லச்சிலே மை தாளின்மேற் சமமாகப் படிந்திருக்கும்.

இதனால் ஒரு கால எல்லையும் கிடைக்கிறது. 1602இல் மட்டக்களப்பில் இறங்கிய ஸ்பில்பேர்கன் கண்டியரசன் விமலதர்மசூரியனைச் சந்திக்கும் படமும், 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான பால்தேயு பாதிரியாரின் நூலிலுள்ள படங்களும் செப்புத்தகட்டுச் செதுக்கல்கள். இவற்றை ஒருவர் 'அக்காலத்துக் கல்லச்சு' என்று கொணர்ந்தால், அவர் அறியாதவர் அல்லது அறிந்தே சொல்பவர். அக்காலத்திலே கல்லச்சு பிறக்கவேயில்லை. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டினர் பழைய செதுக்கலைப் பார்த்துக் கல்லில் மீள வரைந்து அச்சிட்டிருந்தால் அத்தாள் செதுக்கலின் நகலாயினும் கல்லச்சு என்ற வகையில் அசலேயாம். இந்நுட்பத்தை மறந்து நல்ல படங்களைக் குப்பையிலிட்டோர் இருக்கக்கூடும்.

இனிச் சோதனைக்கு வருவோம். வேண்டுவது பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்றே. நகைக்கடைகளிற் பயன்படுத்துவது போதும். படத்திலே வானம், முகம், நீர்ப்பரப்பு போன்ற மெல்லிய நிழலுள்ள பகுதியை அதனூடே நோக்குக. கல்லின் மணல்போன்ற பரப்பில் மைக்கோல் தடவிய இடம் ஒழுங்கற்ற பொருக்குகளாகத் தோன்றும்; பெரிதும் சிறிதுமாய், ஒன்றோடொன்று இணைந்தும் பிரிந்தும் இருக்கும். புகைப்பட நகலிலோ புள்ளிகள் படைவீரர்போல நேர்வரிசையில் நிற்கும். ஆஃப்டோன் எனப்படும் இப்புள்ளி முறை 1880களிலேதான் வணிக வழக்குக்கு வந்தது. தற்கால வண்ண அச்சிலே நீலம், செம்மை, மஞ்சள், கருமை ஆகிய நால்வகைப் புள்ளிகள் சிறு மலர்வட்டங்களாகக் கூடியிருக்கும். கணினிப் பொறியில் எடுத்த நகலில் மைத்துளி தெளித்ததுபோன்ற தூசு தெரியும்.

இவ்விடத்திலே தொடக்கநிலையினர் தவறுவதுண்டு. வண்ணக் கல்லச்சிலும் புள்ளிகள் உண்டு. நிறத்துக்கொரு கல்லாகப் பத்துக்கு மேற்பட்ட கற்களிலும் கையாற் புள்ளியிட்டு நிழல் காட்டினர் அக்காலக் கலைஞர். புள்ளி கண்டவுடனே நகல் என்று தள்ளலாகாது. வரிசையையும் ஒழுங்கையும் நோக்கவேண்டும். நிறங்கள் ஒன்றன்மேலொன்று சிறிது விலகி, உதட்டின் செம்மை உதட்டுக்கு வெளியே நிற்பது பல கற்களைப் பயன்படுத்தியமைக்கு அறிகுறி. ஆனால் மலிவான பிற்கால அச்சிலும் இவ்விலகல் உண்டாகையால் இதனை மட்டும் நம்புதல் கூடாது.

கைவில்லை தரும் மிகச் சிறந்த சான்று படத்திலன்று, கறையிலேதான் உள்ளது. அசற்றாளிலே காலத்தால் விழுந்த பழுப்புப் புள்ளி தாளின் நாரிலே ஊறியிருக்கும். பெரும்பாலும் பின்புறத்திலும் தெரியும். பழைய படமொன்றைக் கறையோடு புகைப்படமெடுத்து அச்சிட்டிருந்தால் அக்கறையும் வண்ணப் புள்ளிகளால் ஆகியிருக்கும். கறையே அச்சாகியிருப்பதைக் கண்டபின் வேறு விசாரணை எதற்கு?

தாளைப்பற்றிச் சிறிது. கந்தற்றுணியிற் செய்த பழைய தாள் நூறாண்டுக்குப் பின்னும் மடங்கும். மரக்கூழ்த் தாள் பழுத்து ஒடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மரக்கூழ்த் தாள் பெருகியமையால், ஒடியும் தாளெல்லாம் புதிதென்று கொள்ளல் தவறு. வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் நீர்க்குறியும், சில தாள்களிலே ஆண்டும் தெரியும். அவ்வாண்டு தாள் பிறந்த ஆண்டேயன்றிப் படம் அச்சான ஆண்டன்று. அதற்கு முன் அச்சாகவில்லை என்பது மட்டும் உறுதி. கடைகளில் நாணயத்தாள் சோதிக்கும் ஊதாக்கதிர் விளக்கும் உதவும். 1950ஆம் ஆண்டளவிலிருந்து தாளிலே சேர்க்கப்பட்டுவரும் வெண்மையூட்டிகள் அவ்வொளியில் நீலமாய்ச் சுடர்விடும். சுடர்விடும் தாள் மூத்தவாப்பாவின் தந்தை காலத்ததாக இருத்தல் அரிது. சுடர்விடாமை மட்டும் பழமைக்குச் சான்றாகாது.

படத்தின் அடியிலுள்ள சிற்றெழுத்துக்களைப் பலர் சட்டத்துக்காக வெட்டிவிடுகின்றனர். அவையே பிறப்புப் பத்திரம். எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய நூலுக்கு விளக்கமாகக் கப்டன் ஓபிரயன் வரைந்த பதினைந்து காட்சிகளை 1864இல் இலண்டனில் வெளியிட்டவர்கள் 'டே அண்ட் சன்' நிறுவனத்தார். 1867இல் அந்நிறுவனம் 'வின்சென்ட் புரூக்ஸ், டே அண்ட் சன்' ஆயிற்று. ஆகவே பின்னைய பெயர் பொறித்த தாள் 1867க்கு முற்பட்டதாக இருக்கவியலாது. இரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயிலே தொடங்கிப் பின்னர் லோனாவ்லாவை அடுத்த மாளவ்லிக்குப் பெயர்ந்தது. படத்தடியில் உள்ள ஊர்ப்பெயர் காலத்தைக் காட்டும். ஜெர்மானியரான ஷ்லைகர் அச்சகத்தை வாங்கிய பின்னரும், 1906இல் ஓவியர் மறைந்த பின்னரும் அங்கே படங்கள் அச்சாகிவந்தன. அவை அவ்வச்சகத்தின் அசல்களே. ஓவியர் வாழ்நாளிற்குரியவை என்று மட்டும் சொல்லலாகாது. 1972இல் அவ்வச்சகம் தீக்கிரையாயிற்று.

முஸ்லிம் இல்லங்களில் மிகுதியாகக் கிடைப்பவை அரபுத்தமிழ் நூல்களின் தாள்கள். அரபெழுத்தின் வளைவுகள் ஈயவெழுத்திலே சிதைவதால், கையெழுத்தழகை அவ்வாறே காக்கும் கல்லச்சை முஸ்லிம் அச்சகத்தார் விரும்பினர். எழுத்தர் நெய்மையால் ஒருவகைத் தாளில் நேராகவே எழுதுவார். அதனைக் கல்லில் ஒற்றியெடுப்பர். கல்லிலே தலைகீழாக எழுதும் இடர் நீங்கிற்று. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் நூல்கள் கடல்கடந்து இலங்கையிலும் ஓதப்பட்டன. இத்தகைய நூல்களின் ஈற்றிலே ஹிஜ்ரி ஆண்டு காணப்படும். ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில் என்பதைக் கொண்டு ஏனையவற்றைக் கணிக்கலாம். ஆயின் பிற்காலத்தார் பழம்பதிப்பைப் புகைப்பட முறையால் மீள அச்சிடும்போது அவ்வாண்டையும் மாற்றாமல் விட்டிருத்தல் கூடும். இங்கே கைவில்லையும் முழுத்துணை செய்யாது. கோட்டெழுத்தைப் புள்ளியின்றியே நகலெடுக்கலாம். தாளையும், கட்டையும், தேய்ந்த மூலத்தின் நுண்கோடுகள் உடைந்து தடித்திருக்கின்றனவா என்பதையும் பார்த்தே துணியவேண்டும்.

இறுதியாக அளவு. ஐயம் நீங்காதபோது நூதனசாலையிலோ பெருநூலகத்திலோ உள்ள அறியப்பட்ட படியின் அளவை மில்லிமீற்றர்க் கணக்கிற் கேட்டறிந்து ஒப்பிடுக. தாளின் அளவையன்று, அச்சான பகுதியின் அளவையே எடுத்தல் வேண்டும். தாளைக் கத்தரிக்கலாம், படத்தைச் சுருக்கவியலாது. பெருநூலின் படம் உள்ளங்கையளவில், நான்கு ஓரமும் முழுமையாக இருந்தால் அது சுருக்கிய நகல். இச்சோதனைகள் முடியுமுன் படத்தை நனைத்தலும், ஒட்டிய அட்டையிலிருந்து உரித்தலும், பிளாத்திக்கு உறையிட்டுச் சூட்டில் ஒட்டுவித்தலும் ஆகா. பழைய சட்டத்தின் பின்பலகையில் ஒட்டிய செய்தித்தாள் துண்டையும் எறியவேண்டாம். அதிலே தேதி இருக்கக்கூடும்.