விளைச்சல் காட்டும் நிலத்தின் தரம்

சோழர் காலக் கல்வெட்டுகள் விளைநிலங்களைத் ‘தரம்’ பிரித்து வரி விதித்த செய்தியைக் கூறுகின்றன. விளைச்சலைக் கொண்டு நிலத்தை மதிப்பிடும் அறிவு நமக்குப் புதிதன்று. இன்று அம்மதிப்பீடு ‘பயிர் அறுவடைப் பரிசோதனை’ என்னும் முறையில் நடைபெறுகிறது.

நெல்வயலில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உடைய சதுரம் ஒன்று குறிக்கப்படும். அதன் இடத்தை எவரும் தம் விருப்பப்படி தேர்ந்தெடுத்தல் கூடாது. செழித்த பகுதியை மட்டும் அளந்தால் கணக்குப் பிழையாகிவிடும். சதுரத்திலுள்ள கதிர்களை அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை எடையிடுவர். சதுரத்தின் பரப்பு 25 சதுர மீட்டர். அதாவது, ஒரு ஹெக்டேரில் 400இல் ஒரு பங்கு. அதில் 12.5 கிலோ நெல் கிடைத்தால், ஹெக்டேருக்கு 5,000 கிலோ விளைச்சல் எனக் கொள்ளலாம்.

எனினும், ஓராண்டு விளைச்சல் மட்டும் மண்ணின் இயல்பைக் காட்டிவிடாது. அவ்வாண்டின் மழையும் பூச்சித் தாக்குதலும் உழவரின் உழைப்பும் அதில் கலந்துள்ளன. ஆகவே, பல ஆண்டுத் தரவுகளை ஒப்பிடுதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஐந்து ஆண்டுகளில் ஓர் ஊரின் விளைச்சல் ஹெக்டேருக்கு 4.8, 5.1, 5.0, 4.9, 5.2 டன் எனவும், மற்றோர் ஊரின் விளைச்சல் 6.8, 3.0, 6.5, 2.2, 6.5 டன் எனவும் கொள்வோம். இரண்டின் சராசரியும் 5 டன்னே. ஆயினும், இரண்டாம் ஊரின் உழவர் வெள்ளத்தாலோ வறட்சியாலோ விளைச்சல் குன்றிய ஆண்டில் கடன்பட நேரும். சராசரி நிலத்தின் உற்பத்தித்திறனைக் காட்டுகிறது. ஏற்றத்தாழ்வு அதன் இடரைக் காட்டுகிறது.

2016இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் இத்தகைய தரவுகளையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு பகுதியின் முந்தைய ஆண்டுகளின் சராசரி விளைச்சலில் குறிப்பிட்ட விழுக்காடு, உறுதி செய்யப்பட்ட விளைச்சலாகக் கொள்ளப்படுகிறது. சராசரி 5 டன், ஈட்டு நிலை 80 விழுக்காடு எனில், அது 4 டன் ஆகும். அவ்வாண்டில் 3 டன் மட்டுமே விளைந்தால், குறைவு நான்கில் ஒரு பங்கு; காப்பீட்டுத் தொகையிலும் நான்கில் ஒரு பங்கு இழப்பீடாகக் கிடைக்கும்.

இக்கணக்குப் பொதுவாக ஊர் அளவில் செய்யப்படுவதால், தம் வயல் முற்றிலும் அழிந்தும் ஊரின் சராசரி உயர்ந்திருப்பின், அவ்வுழவர் இழப்பீடு பெறாது போகலாம். எனவே, பரிசோதனைக்குரிய வயல்களின் எண்ணிக்கை போதுமானதாகவும் அளவீடு நேர்மையானதாகவும் இருத்தல் இன்றியமையாதது. ஒரு சிறு சதுரத்தில் நேரும் பிழை, ஓர் ஊரின் வாழ்வையே பாதிக்கும்.