நீர்வண்ண ஓவியம்: முதற் பாடங்கள்

ஓவியம் பழக விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் நீர்வண்ணத்தைக் கொண்டே தொடங்குகின்றனர். அது விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது. ஒரு சிறு வண்ணப் பெட்டியும், ஒரு தூரிகையும், ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஆயினும், தொடங்கியவர்களுள் பலர் சில வாரங்களிலேயே அதனைக் கைவிட்டுவிடுகின்றனர். தீட்டிய வானம் திட்டுத் திட்டாகிறது. பச்சை நிறம் சேறாகிறது. தாள் அலை அலையாக வளைகிறது. "எனக்குக் கை வரவில்லை" என்று சொல்லித் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. நீர்வண்ணத்தின் இயல்பு யாது என்பதை அறியாமல் அதனைக் கையாள்வதே காரணம். அந்த இயல்பையும், அதற்கேற்ற பழக்கங்களையும் இங்குக் காண்போம்.

நமக்கு எடுத்துக்காட்டாகக் காஞ்சிபுரம் விளங்கட்டும். கோயில்களும் பட்டுத் தறிகளும் நிறைந்த அந்நகரில், நிறத்தைப் பற்றிய பாடம் கோயிற் சுவரிலும் இருக்கிறது, தறியிலும் இருக்கிறது.

முதலில் கோயிற் சுவரைப் பார்ப்போம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் பிராகாரத்தைச் சுற்றிலும் 58 சிறு கோயில்கள் வரிசையாக அமைந்துள்ளன. 1931ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் அவற்றுட் சிலவற்றில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அவற்றுள் சோமாஸ்கந்த வடிவம் புகழ் பெற்றது. கரடுமுரடான கல்லின்மேல் நேரே வண்ணம் தீட்டாமல், முதலில் சுண்ணாம்புப் பூச்சுப் பூசி, அந்த வெண்தளத்தின் மேலேயே பல்லவ ஓவியர் வரைந்தனர். நல்ல நிறத்திற்கு நல்ல வெண்தளம் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

சாயத் தொழிலாளரும் இதனை அறிவர். பட்டு நூலைச் சாயத்தில் தோய்ப்பதற்குமுன், அதன்மேல் இயற்கையாகப் படிந்துள்ள பசையைக் கொதிநீரில் நீக்கி, நூலை வெண்மையும் மென்மையும் உடையதாக்குகின்றனர். பின்னரே சாயம் ஏற்றுவர். வெளிர் நிறம் ஏறிய நூலை மேலும் தோய்த்து அடர்நிறமாக்கலாம். அடர்நிறம் ஏறிய நூலைத் திரும்ப வெளிர் நிறமாக்குவதோ அரிது. நீர்வண்ணத்தின் தலையாய விதியும் இதுவே: வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்திற்குச் செல்ல வேண்டும், தாளின் வெண்மையை முதலிலிருந்தே காக்க வேண்டும்.

இவ்விதியின் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. நிறப்பொடியை வேல மர இனத்தின் பிசினுடன் குழைத்துச் செய்வதே நீர்வண்ணம். தண்ணீரில் கரைத்துப் பூசும்போது அது மெல்லிய கண்ணாடிபோல் தாளின்மேல் படிகிறது. ஒளி அந்தப் படலத்தினூடே சென்று, அடியிலுள்ள வெண்தாளில் பட்டு, மீண்டும் அதே படலத்தின் வழியாக நம் கண்ணுக்குத் திரும்புகிறது. ஆகவே, படத்திலுள்ள ஒளி தாளிலிருந்து வருவதேயன்றி வண்ணத்திலிருந்து வருவதன்று. எண்ணெய் வண்ணத்தில் இருட்டின்மேல் வெள்ளையைப் பூசி ஒளியை உண்டாக்கலாம். நீர்வண்ணத்திலோ ஒளியை விட்டுவைக்கத்தான் முடியும். தொடக்க நிலையினர் செய்யும் பிழைகள் பலவும் இந்த வேறுபாட்டை மறப்பதனால் விளைவனவே.

இனி, வேண்டிய கருவிகளைக் காண்போம். இவற்றுள் தாளே முதன்மையானது. எழுதும் தாள் நீரைத் தாங்காது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாள் அவ்வளவாக வளையாது. மெல்லிய தாள்தான் கிடைக்கிறது என்றால், அதனை நீரில் நனைத்து, ஒரு பலகைமேல் விரித்து, நான்கு ஓரங்களையும் பசைத்தாளால் ஒட்டிக் காயவிட வேண்டும். காய்ந்தபின் அது முரசின் தோல்போல் இறுகி நிற்கும். தூரிகைகள் மூன்று போதும்: பெரியது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, நுண்கோடுகளுக்கு மெல்லியது ஒன்று. நீர்க் குவளைகள் இரண்டு வேண்டும். ஒன்று தூரிகை கழுவுவதற்கு, மற்றொன்று வண்ணம் கரைப்பதற்கு. இரண்டுக்கும் ஒரே குவளையைப் பயன்படுத்தினால் எல்லா நிறமும் அழுக்கேறும். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டும் ஒரு பழந்துணியும் இருந்தால் கருவிகள் நிறைவு பெறும்.

வண்ணங்கள் ஆறு இருந்தால் போதும். எலுமிச்சை மஞ்சள், மஞ்சட் காவி, கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பிரஷ்யன் நீலம், சுட்ட சியன்னா என்னும் செம்பழுப்பு ஆகியவை அவை. கறுப்பையும் வெள்ளையையும் முதல் ஆண்டில் பெட்டியிலேயே விட்டுவிடலாம். அல்ட்ராமரைன் நீலத்தோடு செம்பழுப்பைக் கலந்தால், கறுப்பைவிட உயிருள்ள சாம்பல் நிறங்கள் பல கிடைக்கும். எலுமிச்சை மஞ்சளும் பிரஷ்யன் நீலமும் சேர்ந்தால் கிளிப்பச்சை. மஞ்சட் காவியும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் முதிர்ந்த இலையின் பச்சை. கிரிம்சனும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் கத்தரிப்பூ நிறம். கிரிம்சனோடு சிறிது செம்பழுப்பும் நீலமும் சேர்ந்தால் அரக்கு. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் நாள்தோறும் ஒலிக்கும் நிறப் பெயர்களே இவை. ஒரு கலவையில் இரண்டு வண்ணம் நன்று, மூன்று போதும், நான்காவது சேர்ந்தால் சேறாகிவிடும்.

முதற் பயிற்சி ஒருசீர்ப் பூச்சு. பலகையின் மேற்புறத்தை இரண்டு விரல் உயரம் தூக்கிச் சாய்வாக வையுங்கள். தேவைக்கு மேலாகவே வண்ணத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கரைத்தால் நிறம் மாறிவிடும். பெரிய தூரிகையை நன்றாகத் தோய்த்து, தாளின் மேற்பகுதியில் இடமிருந்து வலமாக ஒரு பட்டை இழுங்கள். அதன் கீழ் விளிம்பில் நீர் ஒரு மணிவரிசைபோல் தேங்கும். அடுத்த பட்டை அந்த நீரைத் தொட்டுக்கொண்டே செல்ல வேண்டும். இவ்வாறு அடிவரை வந்தபின், எஞ்சிய நீரை உலர்ந்த தூரிகையால் உறிஞ்சிவிடுங்கள். பூசிய இடத்திற்கு மீண்டும் செல்லலாகாது. திட்டுகள் தோன்றுவதற்கு அந்த ஆசையே காரணம்.

இரண்டாவது, படிநிலைப் பூச்சு. ஒவ்வொரு பட்டைக்கும் கலவையில் சிறிது நீர் கூட்டிக்கொண்டே வந்தால், மேலே அடர்ந்த நீலம் கீழே வெளிறி மறையும். உச்சியில் நீலமாகவும் அடிவானத்தில் வெளிறியும் தோன்றும் காலை வானம் இப்படித்தான் தாளில் அமைகிறது.

மூன்றாவது பயிற்சி ஈரத்தை அறிதல். நனைந்த தாளில் வண்ணத்தை வைத்தால் அது தானே பரவி, விளிம்பில்லாத மேகமாகிறது. உலர்ந்த தாளில் வைத்தால் விளிம்பு தெளிவாக நிற்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையே ஆபத்தானது. பாதி உலர்ந்த பூச்சின்மேல் நீர் மிகுந்த துளி விழுந்தால், அந்த நீர் அங்குள்ள நிறப்பொடியை வெளியே தள்ளி, பூக்கோசின் ஓரம்போல் கிழிந்த வளையம் ஒன்றை உண்டாக்கும். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. தாளைச் சாய்த்து அதன் பளபளப்பைப் பாருங்கள். பளபளப்பு இருக்குமட்டும் வண்ணம் சேர்க்கலாம். அது மங்கத் தொடங்கினால் கையை எடுத்துவிட்டு, முற்றும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். புறங்கையால் மெல்லத் தொடும்போது தாள் குளிர்ச்சியாக இருந்தால் அது இன்னும் உலரவில்லை என்று பொருள்.

நம் நாட்டு வெயிலில் இக்கணக்கு வேறுபடும். சித்திரை மாத நடுப்பகலில் பூச்சு முடிவதற்குள் தாள் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் நெடுநேரம் உலராது. காஞ்சி நெசவாளர் தெருவில் பாவை நீட்டும் வேலையை வெயில் ஏறுவதற்கு முன்பே செய்வது வழக்கம். நீர்வண்ணம் பழகுவோருக்கும் அந்த நேரமே ஏற்றது. காலையில் சாய்ந்த ஒளி நீண்ட நிழலைத் தருவதால், பொருள்களின் வடிவமும் அப்போது தெளிவாகத் தெரியும்.

நான்காவது, அடுக்குப் பூச்சு. உலர்ந்த ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறத்தை மெல்லியதாகப் பூசினால், கீழ்நிறம் மேல்நிறத்தின் ஊடே தெரியும். மயில் கழுத்துப் பட்டை நினைத்துப் பாருங்கள். பாவு ஒரு நிறம், ஊடை மற்றொரு நிறம். மடிப்பு அசையும்போது ஒரு முறை நீலமும் ஒரு முறை பச்சையும் மேலோங்குகின்றன. நூல்கள் தத்தம் நிறத்தை இழக்கவில்லை. நம் கண்ணே அவற்றைக் கலக்கிறது. அடுக்குப் பூச்சில் வேலை செய்வது வேறு முறை. அங்கு ஒளி இரு படலங்களையும் கடந்து வருகிறது. ஆயினும், தட்டில் கலந்த பச்சையைவிட, மஞ்சளின்மேல் நீலம் பூசிப் பெற்ற பச்சைக்குத் தனி ஒளி உண்டு. கீழ்ப்பூச்சு முற்றும் உலர்ந்திருத்தலும், மேற்பூச்சை ஒரே முறை இழுத்தலும் இதற்கு இன்றியமையாதன.

ஐந்தாவது பயிற்சி, வெண்மையைக் காத்தல். ஒரு சரிகைக் கரையைத் தீட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலர் பொன்னிற வண்ணத்தைத் தேடிப் போவர். அது வேண்டியதில்லை. சரிகை மிகுதியாக மின்னும் இடங்களில் தாளை வெறுமையாக விடுங்கள். அதனைச் சுற்றி வெளிறிய மஞ்சட் காவி. மடிப்பின் உள்ளே செம்பழுப்பு. அதை அடுத்துச் சேலையின் உடலுக்கு அடர்ந்த அரக்கு. இவ்வளவும் உலர்ந்தபின், சற்று விலகி நின்று பார்த்தால் வெறுந்தாள் பொன்னாக மின்னும். ஒளி தனியே நின்று ஒளிர்வதில்லை. அருகிலுள்ள இருள் அதனை ஒளிரச் செய்கிறது.

இப்பாடங்களை எல்லாம் ஒரு படத்தில் இணைத்துப் பார்ப்போம். ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு இராசகோபுரம் கிருஷ்ணதேவராயரால் 1509இல் எழுப்பப்பெற்றது. ஏறத்தாழ 192 அடி உயரமுடையது. தை மாதக் காலையில் அதன் தெற்கே நின்று நோக்கினால், வலப்புறத்திலிருந்து வெயில் விழும். இடப்பக்கம் நிழலில் இருக்கும். பென்சிலால் கோபுரத்தின் சாய்வையும் நிலைகளையும் மட்டும் மெல்லிய கோடுகளாகக் குறியுங்கள். கலசங்களுக்குரிய இடத்தில் தாளை விட்டுவிட்டு, வானத்திற்கு நீலத்திலிருந்து மங்கிய மஞ்சளுக்கு இறங்கும் படிநிலைப் பூச்சைக் கொடுத்து, அந்த மஞ்சளையே கோபுரத்தின்மேலும் படர விடுங்கள். உலரட்டும். அடுத்து, நீலமும் செம்பழுப்பும் கலந்த மெல்லிய சாம்பல் நிறத்தால் இடப்பக்கத்தையும், ஒவ்வொரு நிலையின் கொடுங்கைக்கு அடியிலுள்ள நிழலையும் தீட்டுங்கள். மீண்டும் உலரட்டும். இறுதியில், அதே கலவையை அடர்த்தியாகக் கரைத்து, நுழைவாயிலையும் நிலைதோறும் நடுவிலுள்ள திறப்புகளையும் தொட்டுவிடுங்கள். வேலை முடிந்தது. நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டியதில்லை. ஒளியும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் சில புள்ளிகளை வைத்தால், எஞ்சியவற்றைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

இக்கலைக்கு நம் நாட்டில் ஒரு வரலாறும் உண்டு. புகைப்படக் கருவி தோன்றுவதற்கு முன், இந்தியாவின் முதல் தலைமை நில அளவையரான காலின் மெக்கன்சியின் குழுவினர் தென்னாட்டுக் கோயில்களையும் ஊர்களையும் நீர்வண்ணத்தில் பதிவு செய்தனர். 1903இல் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் இரு ஜப்பானிய ஓவியர் கல்கத்தாவுக்கு வந்தனர். அவர்களுடைய ஈரத்தூரிகை முறையைக் கண்ட அவனீந்திரநாத் தாகூர், தீட்டிய தாளையே நீரில் அமிழ்த்தி உலர்த்தி மீண்டும் தீட்டும் முறையை வளர்த்தார். அவருடைய மாணவர் தேவிபிரசாத் ராய் சௌதுரி 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமையை ஏற்றார். அவருக்குப்பின் 1957இல் அப்பொறுப்புக்கு வந்தவரும், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவருமான கே. சி. எஸ். பணிக்கர் தம் இளமையில் நீர்வண்ண நிலக்காட்சிகளால் பெயர் பெற்றவர். பிழை செய்த தாளைக் கண்டு சோர்வடையும் மாணவர், தீட்டிய படத்தை அஞ்சாமல் நீரில் அமிழ்த்திய அவனீந்திரரை நினைத்துக்கொள்ளலாம். நீரோடு பழகப் பழக அதன்மேலுள்ள அச்சம் நீங்கும்.

பயில்வோர் நினைவில் வைக்க வேண்டிய செய்திகள் இன்னும் சில உண்டு. நீர்வண்ணம் உலரும்போது வெளிறும்; ஆகவே, ஈரத்தில் சற்று மிகையாகத் தோன்றும் நிறமே உலர்ந்தபின் சரியாக இருக்கும். எந்த நிறத்தையும் படத்தில் வைக்குமுன், அதே வகைத் தாளின் துண்டொன்றில் பூசிப் பாருங்கள். ஓரிடத்தில் நிறம் மிகுந்துவிட்டால், ஈரமாக இருக்கும்போதே பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள். உலர்ந்தபின் தேய்த்தால் தாள் கெட்டுவிடும். பெரிய படம் ஒன்றை வாரக் கணக்கில் திருத்துவதைவிட, உள்ளங்கை அளவுப் படம் நாளொன்றுக்கு ஒன்று தீட்டுவது நல்லது.

எதைத் தீட்டுவது என்று நெடுந்தொலைவு தேட வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணை, குளத்துப் படிக்கட்டு, சாயமேற்றிக் காயவைத்த பட்டு நூல், தறியின்மேல் விழும் சன்னல் வெளிச்சம் ஆகிய எல்லாம் பாடங்களே. கைலாசநாதர் கோயிலின் ஓவியங்களுள் பெரும்பகுதி அழிந்து, சில துண்டுகளே நமக்கு எஞ்சியுள்ளன. இன்று நெசவாளர் தெருக்களிலும் தறியோசை குறைந்துகொண்டு வருகிறது. ஒரு மாணவர் தம் ஊரைக் கூர்ந்து பார்த்து, தேதியிட்டுத் தீட்டி வைக்கும் ஏடு, பிற்காலத்தில் அவ்வூருக்கே ஓர் ஆவணமாகக்கூடும். கலைஞராகப் பெயர் பெறுவோர் சிலரே. ஒரு நிழலின் நிறம் யாது என்று நின்று பார்க்கும் பழக்கமோ, பயிலும் எல்லோருக்கும் கிட்டும். முதலில் ஒரு தாளில் ஒருசீர்ப் பூச்சைப் பத்து முறை செய்து பாருங்கள். பத்தாவது பூச்சு முதலாவதைவிடச் சீராக இருப்பதை நீங்களே காண்பீர்கள்.